ஒரு கொம்பு, ஒரு கால், ஐந்து நிமிடம்

'கொடி' என்ற சொல்லை அவன் 'கெடி' என்று வாசித்தான். "இன்னொரு தடவை பாரு கண்ணா" என்றேன். 'கெட' என்றான். மூன்றாம் முறை சொல்லைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு 'செடி' என்றான். பிறகு நாற்காலியிலிருந்து மெல்லச் சறுக்கி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"எனக்குத் தெரியும் மிஸ். ஆனா வரமாட்டேங்குது."

அப்போது அவனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அவனுடைய அம்மா இரண்டு கோப்புகளோடு என்னிடம் வந்திருந்தார். ஒன்று உளவியலாளர் தந்தது: டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் வரும் சிரமம். மற்றது குழந்தை மனநல மருத்துவர் தந்தது: ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனத்தை நிறுத்துவதில் சிரமமும் ஓயாத துடிப்பும். இரண்டு கோப்பும் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கும்போது நாளைக் காலை பாடத்தை எப்படி நடத்துவது என்று இரண்டிலும் இல்லை.

நான் கற்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர். அதற்கு முன்பு 11 வருடம் சாதாரண வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த 11 வருடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையில் 'கவனம் போதாது', 'முயற்சி தேவை' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். முயற்சி செய்து செய்து ஓய்ந்துபோன பிள்ளையிடம் முயற்சி தேவை என்று சொல்வது எவ்வளவு பெரிய காயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இந்தப் பையனோடு இருந்த மூன்று வருடத்தில் கற்றதை எழுதிவைக்க நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் இரண்டு மாதம் நான் செய்தது தவறு. பயிற்சியில் சொல்லித்தந்தபடி 45 நிமிட வாசிப்புப் பாடத்தை அப்படியே நடத்தினேன். நல்ல பாடம் அது, டிஸ்லெக்ஸியா மட்டும் உள்ள பிள்ளைகளிடம் எனக்குப் பலன் தந்த பாடம். இவன் பன்னிரண்டாவது நிமிடத்தில் மேசைக்கு அடியில் இருந்தான். சரி, முதலில் உட்காரப் பழக்குவோம், வாசிப்பு அப்புறம் என்று திருப்பிப் போட்டேன். நட்சத்திர அட்டை, ஒட்டுப்படம், பரிசு என்று போனேன். மூன்றாவது வாரம் அவன் 20 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தான். எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிறகு அன்று அவன் என்ன வாசித்தான் என்று பார்த்தேன். எதுவுமே இல்லை. அசையாமல் உட்காருவதற்கே அவனிடம் இருந்த பலம் எல்லாம் செலவாகிவிட்டது.

அன்று இரவு பாடக்குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். பாடம் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை அவனுடைய டிஸ்லெக்ஸியா முடிவு செய்யட்டும். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளம், நடுவில் எப்போது உடம்பு அசைய வேண்டும் என்பதை ஏ.டி.ஹெச்.டி. முடிவு செய்யட்டும். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்ற பேச்சே வேண்டாம். மூன்று வருடமாக எல்லாப் பாடத்தையும் இந்த ஒன்றை வைத்துத்தான் போடுகிறேன்.

இரண்டையும் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிஸ்லெக்ஸியா கண்ணில் வரும் கோளாறு என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், எழுத்து தலைகீழாகத் தெரியுமாம். அப்படி இல்லை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதிலும், அந்த ஒலியை எழுத்தோடு வேகமாகப் பொருத்துவதிலும்தான் சிக்கல். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், வாசிக்க வராது, தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுவான். பாடம் முழுக்க வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதலாவதாக வருவான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். 125 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆசிரியர் பார்த்ததைப் பார்க்க எனக்கு 11 வருடம் போதவில்லை.

ஏ.டி.ஹெச்.டி.யிலும் ஒரு தவறான புரிதல் உண்டு. கவனமே இல்லை என்று சொல்வார்கள். கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் வைத்து, வேண்டிய நேரம் வரை பிடித்து நிறுத்துவதுதான் கடினம். இந்தப் பையன் கட்டைகளை அடுக்கி ஒன்றரை மணி நேரம் கோட்டை கட்டுவான். "அதுல மட்டும் கவனம் வருதே, இது திமிர்தானே மிஸ்?" என்று அவன் அப்பா என்னிடம் கேட்டார். கோட்டையில் ஒவ்வொரு கட்டைக்கும் அந்த நொடியிலேயே பலன் கண்முன் தெரிகிறது. வாசிப்பில் அவனுக்குக் கிடைப்பது நொடிக்கொரு தோல்வி. அங்கே கவனத்தைக் கட்டி நிறுத்து என்றால் எந்தப் பெரியவராலும் முடியாது, அவனால் இன்னும் முடியாது.

இந்த இரண்டில் ஒன்று உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 25 முதல் 40 சதவீதம் பேருக்கு மற்றதும் இருக்கிறது. ஆனாலும் ஒன்று தெரிந்ததும் நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். ஓடிக்கொண்டே இருக்கிறான், அதனால்தான் வாசிக்க வரவில்லை என்போம். அல்லது வாசிக்க வரவில்லை, அந்தக் கடுப்பில் ஓடுகிறான் என்போம். இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஏ.டி.ஹெச்.டி. என்று மருத்துவர்கள் முடிவு சொல்வதற்கே, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அலைபாயும் பிள்ளையை முதலில் வாசிப்புக்காகச் சோதிக்க வேண்டும்.

நோயை முடிவு செய்வது என் வேலை இல்லை. ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ள நான் மூன்று காரியம் செய்வேன். ஒரு பத்தியை நானே வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்பேன். கேட்டுச் சொல்லும்போது பதில் சரியாக வந்து, தானே வாசிக்கும்போது வராவிட்டால் அடைப்பு எழுத்தில் இருக்கிறது. அடுத்து, 'தொமுகி', 'பேலவு', 'மிசோடு' என்று பொருளே இல்லாத சொற்களை எழுதி வாசிக்கச் சொல்வேன். பார்த்துப் பழகிய சொல்லை மனப்பாடமாகச் சொல்லித் தப்பிக்கும் பிள்ளை இங்கே நின்றுவிடும். மூன்றாவது, தவறுகளைத் தேதி, நேரத்தோடு குறித்துவைப்பேன். காலையில் சரியாக வாசித்த அதே சொல்லை மாலையில் தவறாக வாசித்தால், வரி தாவினால், சொல்லின் கடைசியை விழுங்கினால் அது பெரும்பாலும் கவனம். எந்த நேரத்தில் கேட்டாலும் அதே எழுத்தில் இடறினால் அது எழுத்தே உள்ளே போகாதது. இவனிடம் இரண்டு வகையும் பக்கம் பக்கமாக இருந்தன.

இனி 'கொ'.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சரளமாகப் படிக்கும் நமக்கு அது கண்ணிலேயே படாது. 'கா' என்றால் முதலில் க, அப்புறம் கால். காதில் விழும் வரிசையும் கண்ணில் படும் வரிசையும் ஒன்று. 'கெ' என்றால் ஒலியில் க் முதலில், எ அப்புறம். எழுத்தில் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ'வில் இன்னும் மோசம். கொம்பு ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படி என்று நாமே சொல்லிவைத்திருக்கிறோம். அவன் சொன்னபடி படித்தான். கொம்பைப் பார்த்தான், 'க'வைப் பார்த்தான், 'கெ' என்று முடித்துவிட்டான். மிச்சம் நிற்கும் காலை என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டான். அவன் 'கெடி' என்று வாசித்தது கவனக்குறைவே இல்லை. நாம் சொல்லிக்கொடுத்த விதியை அவன் பின்பற்றியதன் விளைவு.

ஆகவே அவனை எழுப்பி நிற்கவைத்தேன். "நீதான் க" என்று சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினேன். இடதுகைப் பக்கம் கொம்பு அட்டை, வலதுகைப் பக்கம் கால் அட்டை, இரண்டையும் தரையில் வைத்தேன். நான் 'கா' என்றால் வலதுபுறம் இருக்கும் காலை மட்டும் எடுக்க வேண்டும். 'கெ' என்றால் கொம்பு மட்டும். 'கொ' என்றால் இரண்டு கையிலும் இரண்டு. வாயால் ஒலியைச் சொல்லிக்கொண்டே எடுக்க வேண்டும். தனக்கு எதிரே இருப்பவருக்கு இடம் வலம் மாறித் தெரியும் என்பதால் நான் அவன் முதுகுப் பக்கம் நின்றேன், சுவரில் மாட்டிய எழுத்தையும் அவன் எதிரில் வைத்தேன். முதல் நாள் 14 முறை செய்தான். குனிகிறான், நிமிர்கிறான், கத்துகிறான். நான்கு நிமிடம். நிறுத்திவிட்டேன். "இன்னும் ஒரு தடவை மிஸ்" என்று அவன் கேட்கும்போதே நிறுத்தினேன், அது முக்கியம்.

மறுநாள் 'க'வைக் கழற்றிவிட்டு 'ம'வைக் குத்தினோம். அடுத்த நாள் ப. ஆறாம் நாள் அட்டையில்லாமல் கையை மட்டும் உயர்த்தினான். ஒன்பதாம் நாள் புத்தகத்தில் 'தொடு' என்ற சொல் வந்தது. வாசிப்பதற்கு முன் மேசைக்குக் கீழே அவனுடைய இரண்டு கையும் லேசாக விரிந்து மூடியதைப் பார்த்தேன். 'தொடு' என்றான். இரண்டு வாரம் ஆயிற்று, அந்த ஒரு குறிக்கு மட்டும்.

இந்த ஒரு விளையாட்டில் அவனுடைய இரண்டு தேவையும் ஒன்றாக நிறைவேறின. அசைய வேண்டிய உடம்பு அசைந்தது, அந்த அசைவே எழுத்தாகவும் இருந்தது. பாடத்துக்கு நடுவே ஓடிவிட்டு வா என்று அனுப்புவதைவிட இது எனக்கு எப்போதும் நல்ல பலன் தந்திருக்கிறது. ஓடப் போனவனைத் திரும்பக் கொண்டுவரவே பத்து நிமிடம் போய்விடும்.

தொட்டு, எழுதி, சொல்லிப் படிக்கும் இந்த முறை புதிதல்ல. சாமுவேல் ஆர்ட்டன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1925இல் வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். அன்னா கில்லிங்ஹம் என்ற கல்வியாளர் அதைப் பாடமாக்கினார். இன்று ஆர்ட்டன்-கில்லிங்ஹம் முறை என்று சொல்வது அதைத்தான். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். மணலில் விரலால் எழுதவைத்துவிட்டால் சிறப்புக் கல்வி முடிந்தது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை நேரடியாக, ஒழுங்கான வரிசையில், திரும்பத் திரும்பக் கற்பிக்க வேண்டும் என்பதை. மணல் அதற்கு ஒரு கருவி. வரிசை இல்லாமல் மணல் மட்டும் இருந்தால் கையில் மண்தான் ஒட்டும்.

வரிசை என்றதும் சுவரில் தொங்கும் எழுத்து அட்டவணை நினைவுக்கு வரும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. அது இலக்கணத்தின் வரிசை. இந்தப் பிள்ளைக்கு அது கற்கும் வரிசை ஆகாது. க கா கி கீ என்று ராகத்தோடு அவன் முழுதும் ஒப்பிப்பான். நடுவிலிருந்து 'கு'வைக் காட்டி இது என்ன என்றால் முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் சொல்வான். நான் ட, ப, ம, ர போன்ற நாலைந்து எழுத்தும் புள்ளியும் மட்டும் வைத்துத் தொடங்குகிறேன். படம், பட்டம், மரம் வந்துவிடும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு காசு வைத்து, சொல்லைச் சொல்லிக்கொண்டே காசை நகர்த்தச் சொல்வேன். 'படம்' மூன்று காசு, 'பட்டம்' நான்கு. அந்த நான்காவது காசு எங்கிருந்து வந்தது என்று அவன் காது தேடும் நொடிதான் பாடம். அது பழகியதும் கால். பாடம், மாடம். பிறகு ி, ீ. உ, ஊ குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும், அதனால் அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து நிதானமாக. கொம்பு வகைகள் கடைசி.

ஒன்றுபோல் தோன்றும், ஒன்றுபோல் ஒலிக்கும் எழுத்துகளை ஒரே வாரத்தில் தரவே மாட்டேன். மூன்று சுழி ணவும் இரண்டு சுழி னவும் சேர்ந்து வந்தால் இரண்டும் போய்விடும். ஒன்று கேட்ட மாத்திரத்தில் வரும் அளவுக்கு ஊறிய பிறகே அடுத்தது. ல, ள, ழவும் அப்படியே. ஆங்கிலத்தில் 'b'யும் 'd'யும் இதே கதைதான், அதே மருந்துதான்.

அடுத்த சிக்கல் சொல்லின் நீளம். இதை நான் மிகத் தாமதமாகத்தான் பிடித்தேன். தேர்வுத்தாளில் 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' என்று இருந்தது. அவன் ஐந்து கேள்விக்கும் பொருந்துவதை எழுதியிருந்தான். பாடம் நன்றாகத் தெரியும், வாய்மொழியாகக் கேட்டபோது எல்லாம் சொன்னான். தமிழில் சொல்லின் தலையில் இருப்பது என்ன செயல் என்பது மட்டும். யார், எப்போது, செய்தாரா, செய்யவில்லையா என்பதெல்லாம் பின்னால் வருகிறது. வருவான், வரமாட்டான், வராமல், வராதவர்களுக்கு. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை தலைப்பகுதியைக் கூட்டுவதிலேயே களைத்துப்போகும். ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைக்கு அடுத்த சொல்லுக்குப் போக அவசரம். இரண்டும் சேர்ந்தால் பின்பாதி ஊகம்தான், பொருள் நேர் எதிராகப் போய்விடும்.

நாங்கள் அதற்கு 'வால்' என்று பெயர் வைத்தோம். நீளமான சொல் வந்தால் முதலில் வாலைப் பிடி. 'ஓடிக்கொண்டிருந்தவர்களுக்காக' என்பதைக் கத்தரியால் வெட்டினோம்: ஓடி, கொண்டு, இருந்த, அவர்களுக்கு, ஆக. வெட்டிய துண்டுகளைக் கலைத்துப்போட்டுத் திரும்ப அடுக்கினான். கட்டைகளை அடுக்கியவன் அல்லவா, இதில் என்னைவிட வேகம். பிறகு கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் பென்சிலால் ஒவ்வொரு கேள்வியிலும் நீளமான சொல்லின் வாலைச் சுற்றி வட்டம் போடுவது பழக்கமாயிற்று. 'ஆத', 'இல்லை', 'ஆமல்', 'தவிர' இவை நான்கையும் தேடி வட்டம் போடு என்று சொல்லியிருக்கிறேன். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் இதை நான் இப்போது முதல் பருவத்திலேயே சொல்லித்தருகிறேன்.

எங்கள் புதிய பாடத்தின் அளவு 30 நிமிடம். பழைய அட்டைகள் மூன்று நிமிடம், காசு நகர்த்துவது நான்கு, புது எழுத்து ஐந்து, நின்றுகொண்டே பலகையில் சொல்வதை எழுதுதல் ஐந்து, வாசிப்பு ஆறு, கடைசியில் நான் அவனுக்கு ஒரு கதை வாசிப்பது. மேசையில் துண்டுகள் வரிசையாகப் படமாக இருக்கும், முடிந்ததை அவனே கவிழ்த்து வைப்பான். நேரம் அவனுக்குக் கண்ணில் தெரிய வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்ற சொல்லுக்கு அவனிடம் அளவே கிடையாது. மணல் கடிகாரத்தில் மணல் இறங்குவது தெரிகிறது. பாராட்டும் அந்த நொடியிலேயே போக வேண்டும், எதற்கென்று சொல்லிப் போக வேண்டும். "வெரி குட்" என்றால் காற்றில் போய்விடும். "வால் வரைக்கும் படிச்ச" என்றால் அடுத்த சொல்லிலும் வால் வரைக்கும் படிப்பான்.

வீட்டைப் பற்றி. அவனுடைய அம்மா தினமும் இரண்டு மணி நேரம் வீட்டுப்பாடத்தோடு போராடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அழுதுதான் எழுந்திருப்பார்கள். தவறிய சொல்லை 50 முறை எழுதவைப்பார். 50 முறை எழுதிய தாளை நான் பார்த்தேன். பதினேழாவது முறையில் ஓர் எழுத்து மாறியிருந்தது, மீதி எல்லாம் மாறிய எழுத்தோடு போயிருந்தது. அவன் தவறான சொல்லை முப்பது தடவைக்கு மேல் பயிற்சி செய்திருந்தான்.

"அம்மா, பத்து நிமிஷம் போதும். அதுல நாலு சொல் போதும்" என்றேன். அவர் நம்பவில்லை. மீதிப் பாடத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், அவன் கேட்கட்டும் என்றேன். "நானே படிச்சுக் காட்டினா அதுவே பழக்கமாகிடாதா மிஸ்? அப்புறம் அவனா படிக்கவே மாட்டானே?" நியாயமான பயம்தான், எல்லாத் தாய்மார்களும் கேட்பது. படித்துப் புரிந்துகொள்வது என்பது இரண்டின் பெருக்கல் என்று 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். எழுத்தைக் கூட்டும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றது. கூட்டும் திறன் வளர வருடங்கள் ஆகும். அதுவரை புத்தகத்தையே அவனிடமிருந்து ஒதுக்கிவைத்தால், நன்றாக இருக்கும் இரண்டாவது திறனும் பட்டினி கிடந்து மெலிந்துபோகும். இதைத்தான் அவருக்குச் சொன்னேன். அவர் அறிவியல் பாடத்தை வாசித்துக் காட்டத் தொடங்கிய பிறகுதான், தன் மகன் எவ்வளவு கூர்மையாகக் கேள்வி கேட்கிறான் என்று அவருக்கே தெரிந்தது.

வேலை சொல்வதிலும் ஒன்றை மாற்றினோம். "பையை எடுத்து வெச்சுட்டு, கை கழுவிட்டு, நோட்டைக் கொண்டு வா" என்றால் அவனுக்குக் கிடைப்பது முதலாவதோ கடைசியோ ஒன்றுதான். தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, ஒன்றே ஒன்று. அதை அவன் வாயால் திரும்பச் சொன்ன பிறகு அடுத்தது.

மருந்து பற்றி எல்லாப் பெற்றோரும் என்னிடம் கேட்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இவனுக்கு ஒன்பது மாதம் கழித்து மருத்துவர் மருந்து தொடங்கினார். ஐந்து நிமிடத் துண்டு பத்து நிமிடமாக நீண்டது, மேசைக்கு அடியில் போவது நின்றது. பசி குறைந்தது, அம்மா குறித்துவைத்து மருத்துவரிடம் சொன்னார், அவர் அளவை மாற்றினார். ஆனால் மருந்து எந்த எழுத்தையும் கற்றுத்தரவில்லை. அது கொடுத்த கூடுதல் ஐந்து நிமிடத்தில் அதே காசு, அதே அட்டை, அதே வரிசையைத்தான் நடத்தினோம். மருந்து தொடங்கிவிட்டதால் சிறப்பு வகுப்பை நிறுத்திவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வருந்தத்தான் முடிந்தது.

நிறக் கண்ணாடி, கண் பயிற்சி என்று பணம் கட்டிவிட்டு வரும் பெற்றோரும் உண்டு. இவை டிஸ்லெக்ஸியாவைச் சரிசெய்யும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் கண் மருத்துவர்களோடு சேர்ந்து 2009இலேயே அறிக்கை தந்துவிட்டது. கண்ணைப் பரிசோதியுங்கள், பார்வைக் குறை இருந்தால் சரிசெய்யுங்கள். வாசிப்புக்கு வாசிப்பைத்தான் சொல்லித்தர வேண்டும்.

பள்ளியில் அவனுக்கு இருந்த பெரிய பயம் சத்தமாக வாசிக்கும் முறை. தன் முறை வருவதற்குள் தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்பான். ஒரே மணி நேரத்தில் மூன்று தடவை. வகுப்பாசிரியர் அதை ஏ.டி.ஹெச்.டி. கணக்கில் எழுதிவைத்திருந்தார். அவரைப் போய்ப் பார்த்தேன். நிறைய பிள்ளைகள், குறைந்த நேரம். "ஒருத்தனுக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?" என்றார். அவர் இடத்தில் இருந்தவள்தானே நானும், எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டே இரண்டு கேட்டேன். முன்னறிவிப்பு இல்லாமல் அவனை வாசிக்கச் சொல்ல வேண்டாம், வாசிக்க வேண்டிய நாலு வரியை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாள் கொடுங்கள். பத்துக் கோரிக்கை வைத்திருந்தால் ஒன்றுகூட நடந்திருக்காது. இரண்டும் நடந்தன, தண்ணீர் தாகமும் ஒரு மாதத்தில் குறைந்தது. கூடுதல் நேரம், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை எல்லாம் அடுத்த வருடம் கேட்டு வாங்கினோம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒன்று. என்னிடம் வரும் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் வருகிறார்கள். அவர்கள் மேசைக்கு அடியில் போவதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பார்கள், கையெழுத்து அழகாக இருக்கும், பாடத்தை மனப்பாடம் செய்து எப்படியோ தேறிவிடுவார்கள். யாருக்கும் தொல்லை இல்லாததால் யாரும் பார்ப்பதில்லை. மனப்பாடத்தால் தாங்க முடியாத வகுப்பு வரும்போது மொத்தமாகச் சரிகிறார்கள். அமைதியாக இருக்கும் பிள்ளையைத் தயவுசெய்து தனியே உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் அவன் கேட்டான். "மிஸ், நான் மக்கா?" யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்வது எளிது, எல்லாப் பெரியவர்களும் அதைத்தான் அவனிடம் சொல்லியிருந்தார்கள். அது போதவில்லை. தாளை எடுத்து அவனுடைய இரண்டு சிக்கலின் பெயர்களையும் எழுதினேன். டிஸ்லெக்ஸியா என்றால் என்ன, ஏ.டி.ஹெச்.டி. என்றால் என்ன, எதனால் 'கொ'வுக்கு இரண்டு வாரம் ஆயிற்று, எதனால் கோட்டை கட்டும்போது கவனம் வருகிறது, எல்லாவற்றையும் அவன் மொழியில் சொன்னேன். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது எப்போ போகும்?" என்றான். போகாது என்றேன். அதோடு சேர்ந்து படிக்கும் வழிதான் நாம் பழகிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அன்று பாடம் நடக்கவில்லை. மறுநாள் வந்ததும் அவனே துண்டுகளை மேசையில் அடுக்கினான். பெயரைப் பிள்ளையிடம் மறைப்பதால் நன்மை இருப்பதாக நான் இதுவரை பார்த்ததில்லை. மறைத்தால் அவர்கள் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள், அது 'மக்கு'.

வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் வாசிக்கவைத்து, சரியான சொற்களை எண்ணிக் கோட்டுப்படம் வரைகிறோம். தொடக்கத்தில் 11. ஒரு வருடம் கழித்து 30. நீண்ட விடுமுறை முடிந்து வந்தபோது 22க்கு இறங்கியிருந்தது, அவன் அம்மா முகம் வாடிவிட்டது. மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கு வந்தது. அந்த இறக்கம் எல்லாப் பிள்ளையிடமும் வரும், இந்தப் பிள்ளைகளிடம் கொஞ்சம் அதிகமாகவே வரும். இப்போது 60ஐ ஒட்டி நிற்கிறது. அவன் வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது மெதுவான வேகம்தான், ஒருவேளை எப்போதும் கொஞ்சம் மெதுவாகவே இருக்கும். ண, ன இன்னும் எழுதும்போது மாறுகிறது. அதற்காக நேரம் செலவழிப்பதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம், அவனும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு.

இப்போது ஏழாம் வகுப்பு. வரலாற்றுப் பாடம் நீளம், அதனால் திறன்பேசியில் அதை ஒலியாகக் கேட்டுக்கொண்டே கண்ணால் வரியைப் பின்தொடர்கிறான். விரல் வரியின் கீழே நகரும். வேகத்தை 0.8இல் வைத்திருந்தோம். போன வாரம் நான் அட்டைகளை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவனாகவே 1க்கு மாற்றிவிட்டான். விரல் குரலைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஒன்றரைப் பக்கம் தாக்குப்பிடித்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்ப 0.8க்குக் கொண்டுவந்தான். அடுத்த மாதம் 0.9 வைத்துப் பார்க்கலாம் என்று பேசிவைத்திருக்கிறோம்.